சந்தியாகு மாற்றிய பெல்ட்

உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். முதலில் ஒன்று சொல்லிவிடுங்கள். சந்தியாகு அனுப்பித்தானே வந்திருக்கிறீர்கள்?

இல்லையா? பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறீர்கள், சரி. அடையாள அட்டையைப் பார்த்தேன். போட்டோவில் மீசை இருக்கிறது, நேரில் இல்லை. இருக்கட்டும், மீசையை எடுக்க யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் என் பெயரையும் இந்த வீட்டையும் உங்களுக்குச் சொன்னது யார்? சந்தியாகு. அப்படியென்றால் அவன் அனுப்பி வந்ததாகத்தானே அர்த்தம்?

கோபப்படாதீர்கள். கேட்டு வைத்துக்கொள்வது என் வழக்கம். நீங்கள் வாசலில் நின்று சொன்னதை நான் ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன், சரியா பாருங்கள். உங்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்து வேன். ஐந்துக்கும் வயதாகிவிட்டது. ஐந்துக்கும் டைமிங் பெல்ட் மாற்றவேண்டும். அந்த வேலையையும் இனி வருகிற வேலைகளையும் பைபாஸ் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கிற மெக்கானிக் சந்தியாகுவிடம் கொடுக்கலாம் என்று தாளாளர் நினைக்கிறார். அவனோ, மற்ற வேலையெல்லாம் செய்கிறேன், பெல்ட் வேலை மட்டும் என்னிடம் தராதீர்கள் என்கிறான். ஏன் என்று கேட்டால், ஒரு வண்டியில் தப்பு பண்ணிவிட்டேன், அந்த வண்டிக்காரரிடமே கேளுங்கள் என்று என் விலாசத்தைக் கொடுத்திருக்கிறான். கொடுத்தால் எல்லா வேலையும் ஒரே ஆளிடம். இல்லாவிட்டால் மதுரையிலிருந்து ஒரு கம்பெனி வரும். நாளைக்குள் முடிவு சொல்லவேண்டும். சரிதானே?

பிள்ளைகள் போகிற வண்டி. கேட்டுத்தான் ஆகவேண்டும். சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறீர்கள்.

நான் அரசு பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எட்டயபுரம் ரோட்டிலும் சங்கரன்கோவில் ரோட்டிலும் நான் கை காட்டி நிறுத்தாத பஸ் கிடையாது. ஏறினால் முதலில் கண்டக்டரைப் பார்க்கமாட்டேன். தலைகளை எண்ணுவேன். அப்புறம் டிக்கெட். அப்புறம்தான் கண்டக்டர் முகம். ஒரு கண்டக்டர் இருந்தான், நான் படியில் கால் வைத்ததுமே, "சார், ஒரு டிக்கெட் விட்டுப்போச்சு, இப்பதான் கவனிச்சேன்" என்பான். ஒன்று என்று அவன் சொன்னால் நான் நான்கைத் தேடுவேன். இருந்ததா என்றால், அன்றைக்கு இல்லை. ஆனால் தேடினேன். தன் தப்பைத் தானே முந்திக்கொண்டு சொல்கிறவனிடம் கூடுதல் கவனம் வேண்டும். சந்தியாகு உங்களிடம் செய்ததும் அதுதான்.

காபி வரும். சொர்ணம்! பள்ளிக்கூடத்துத் தம்பி வந்திருக்கிறார்.

என் கார் வெளியே நிற்கிறதே, பார்த்தீர்களா? டீசல் கார். பதினாறு வயது. முதலில் வைத்திருந்தவர் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. அவரிடமிருந்து நான் வாங்கி ஒன்பது வருஷம் ஆகிறது. ஒன்பது வருஷமும் சந்தியாகுவிடம்தான் விடுகிறேன். சந்தேகம் இருந்தால் ஏன் விட்டீர்கள் என்று கேட்பீர்கள். சந்தேகம் இல்லாத ஆளுக்கு நான் எங்கே போவேன் தம்பி? அவன் மேல் இருக்கிற சந்தேகம் எனக்குப் பழகிவிட்டது. புது ஆளிடம் போனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும்.

இந்தப் பெல்ட்டை மாற்றச் சொல்லி அவன் மூன்று வருஷம் என்னை அரித்தான். ஆயில் மாற்றப் போனால் பெல்ட். பிரேக் பார்க்கப் போனால் பெல்ட். ஹாரன் அடிக்கவில்லை என்று போனால்கூட, "ஹாரன் கெடக்கட்டும் அண்ணாச்சி, அந்த பெல்ட்டு?" என்பான்.

"நல்லாத்தானே ஓடுது?"

"நல்லா ஓடும்போது மாத்துறதுதான் அண்ணாச்சி அது. அறுந்தப்புறம் மாத்துறதுக்கு ஒண்ணும் மிஞ்சாது."

"அறுந்துரும்னு எப்படிச் சொல்லுத?"

"லட்சம் கிலோமீட்டர் தாண்டிருச்சு. முன்னாடி வச்சிருந்த முதலாளி மாத்துனாரான்னும் தெரியாது. ரப்பர்தானே?"

மூன்று வருஷம் ஒருத்தன் ஒரே பொருளை விற்கப் பார்க்கிறான் என்றால் என்ன நினைப்பீர்கள்? நானும் அதைத்தான் நினைத்தேன்.

போன வருஷம் ஆடி மாதம் சரி என்றேன். என் வீட்டுக்காரி சொர்ணம் அழுத்தம் கொடுத்தாள். அவளுடைய தங்கச்சி வீட்டுக்கு ராஜபாளையம் போகிற வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று. சரி, மாற்றித் தொலை என்று போனால், அவன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதுகிறான். பெல்ட். அதை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர். ஒரு பேரிங். தண்ணீர் பம்ப். இரண்டு ஆயில் சீல்.

"பெல்ட்டுன்னுதானே சொன்னே?"

"பெல்ட்ட எடுக்கணும்னா இத்தனையும் கழத்தணும் அண்ணாச்சி. கழத்திட்டு மறுபடி பழசையே மாட்டுனா, ஆறு மாசத்துல பம்பு ஒழுகும். திரும்ப இத்தனையும் கழத்தணும். உங்களுக்குத்தான் ரெட்டை வேலை."

"ஒழுகும்னு உனக்கு யாரு சொன்னா?"

"பம்பே சொல்லுது. இங்கன குனிஞ்சு பாருங்க, தண்ணி காஞ்ச தடம்."

குனிந்து பார்த்தேன். பச்சையாகக் கோடு இறங்கியிருந்தது. உண்மைதான். ஆனால் நான் ஒருநாள் முன்னாலேயே வண்டியை அவன் பட்டறையில் விட்டிருந்தேன். ஒரு இரவு முழுக்க வண்டி அவன் கையில். ஒரு கோடு இழுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

நான் மூன்று நிபந்தனை போட்டேன். சாமான்களைக் கடையில் நானும் கூடவந்து வாங்குவேன், பெட்டி பிரிக்கக்கூடாது. கழற்றிய பழைய சாமான் ஒன்று விடாமல் என் கையில் வரவேண்டும். வேலை நடக்கிற நேரம் முழுக்க நான் பக்கத்தில் இருப்பேன். ஒருத்தனுக்குக் கோபம் வரவேண்டுமா இல்லையா? வரவில்லை. "இருங்க அண்ணாச்சி, எனக்கும் பேச்சுத் துணை" என்றான். நான் ஸ்டூலை இழுத்தேன். "அது வேண்டாம், மூணு மணி நேரம் ஆகும், இடுப்பு வலிக்கும்" என்று வீட்டிலிருந்து சாய்கிற நாற்காலி கொண்டுவந்து போட்டான். பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. எதற்குச் சாய்கிற நாற்காலி? நான் தூங்கிவிடுவேன் என்று பார்த்தான். நான் முதுகைச் சாய்க்கவே இல்லை.

உதவிக்கு ஆள் கிடையாது. அவன் ஒருத்தன்தான். முன்பக்கம் எல்லாவற்றையும் கழற்றி வரிசையாக ஒரு சாக்கில் வைத்தான். மூடியைத் திறந்ததும் உள்ளே பெல்ட். மேலே ஒரு பல்சக்கரம், கீழே ஒரு பல்சக்கரம், இரண்டையும் சேர்த்து இந்தப் பட்டை சுற்றுகிறது. எனக்கு விளக்கம் வேறு சொன்னான்.

"மேல சக்கரம் வால்வுக்கு, கீழ சக்கரம் பிஸ்டனுக்கு. சின்ன வாசல்ல ரெண்டு பேரு போக வர மாதிரி அண்ணாச்சி. இவரு இறங்கும்போது அவரு ஏறக்கூடாது. பெல்ட்டுதான் ரெண்டு பேருக்கும் நேரம் சொல்லுது. நேரம் தப்புனா முட்டிக்கிடுவாங்க. முட்டுனா எஞ்சின் காலி."

பிறகு ஒரு சின்னப் புட்டியை எடுத்தான். ஆபீசில் எழுத்துப் பிழையை அழிக்க வெள்ளை மை வைத்திருப்போமே, வைட்னர், அதுதான். மேல் சக்கரத்தில் ஏதோ தொட்டான், கீழே ஏதோ தொட்டான். என் நாற்காலி போட்ட இடத்திலிருந்து அவன் முதுகுதான் தெரிந்தது. என்ன செய்கிறாய் என்றேன். "குறி வைக்கேன். கம்பெனி போட்ட குறி துருவுல மறைஞ்சு கெடக்கு. அதான் ஓடுற நிலையிலயே நமக்குன்னு ஒரு குறி" என்றான். நமக்கு என்றான், கவனியுங்கள். வண்டி என்னுடையது.

பெல்ட்டைக் கழற்றியதும் மேல் சக்கரம் தானாகக் கொஞ்சம் திரும்பியது. உள்ளே ஸ்பிரிங் தள்ளுமாம். "பயப்படாதீங்க, குறி இருக்கு, திருப்பிக் கொண்டாந்துருவேன்" என்றான். நான் பயப்படவில்லை. நான் ஏன் பயப்படவேண்டும்?

இந்தாருங்கள், காபி. சொர்ணம், நீ ஏன் நிற்கிறாய்? உள்ளே போ. சரி, நில்.

ஒரு மணிக்குச் சாப்பிட எழுந்தான். "வாங்க அண்ணாச்சி, கருவாட்டுக் குழம்பு, ரெண்டு வாய் சாப்பிடலாம்" என்றான். சாப்பிடக் கூப்பிடுகிறான் என்றால் என்ன? வண்டியை விட்டு என்னை நகர்த்துகிறான். எனக்குப் பசியில்லை என்றேன். நல்ல பசி. அவன் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனான். நான் தனியாக இருந்தேன்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் தாளாளரிடம் சொல்லவேண்டும். ஒரு வண்டிக்காரன் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு இது பாடம்.

என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருத்தர் சொல்லியிருந்தார். வண்டியைத் திறந்து போட்டால் நம்முடைய நல்ல சாமானை எடுத்துக்கொண்டு ஓட்டைச் சாமானை மாட்டிவிடுவார்களாம். நமக்குத் தெரியவா போகிறது? இரும்பெல்லாம் ஒரே முகம். அதனால் நான் என்ன செய்தேன்? அவன் வைத்துவிட்டுப் போன அதே வெள்ளை மையை எடுத்தேன். பேட்டரிக்குப் பின்புறம் ஒரு புள்ளி. ஆல்டர்னேட்டருக்கு அடியில் ஒரு புள்ளி. ரேடியேட்டர் மூடிக்கு உள்பக்கம் ஒன்று. யார் கண்ணிலும் படாத இடங்கள். நாளைக்கு அந்தப் புள்ளி இல்லையென்றால் சாமான் மாறிவிட்டது என்று பொருள். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

மேல் பல்சக்கரத்தில்தான் மறைவான இடமே இல்லை. விளிம்பில் வைக்கவேண்டியதாகிவிட்டது. அங்கே ஏற்கெனவே ஏதோ வெள்ளையாகத் தீற்றிக்கொண்டு கிடந்தது, எண்ணெய் பட்டுப் பாதி மங்கி. அதுவும் இருந்து என் புள்ளியும் இருந்தால் பின்னால் எது எதுவென்று குழப்பம் வரும். அடையாளம் என்றால் ஒன்றுதான் இருக்கவேண்டும். அதனால் அந்தத் தீற்றலைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி, அழகாக, வட்டமாக ஒரு புள்ளி வைத்தேன். அந்தத் தீற்றலைவிட நேர்த்தியாக இருந்தது. புட்டியை இருந்த இடத்திலேயே, இருந்த கோணத்திலேயே வைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

என்ன? எவ்வளவு தள்ளியா? ஒரு விரல் அகலம் இருக்கும். ஏன் கேட்கிறீர்கள்?

சரி, கேளுங்கள். அவன் வந்தான். பம்ப் மாட்டினான், சீல் மாட்டினான், புதுப் பெல்ட்டை மாட்டினான். மேல் சக்கரத்தைத் திருப்பிப் புள்ளிக்குப் புள்ளி நேராக வைத்தான். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், என் புள்ளி அவன் கண்ணெதிரில் இருக்கிறது, அவனுக்குத் தெரியவில்லை. சாவியைப் போடு என்றேன். "சாவிய இப்பத் தொடமாட்டேன் அண்ணாச்சி. கையால ரெண்டு சுத்து சுத்திப் பாத்துட்டுத்தான்" என்றான். கீழே ஸ்பானரை மாட்டி மெதுவாகத் திருப்பினான். பாதிச் சுற்றில் நின்றுவிட்டது. கையை எடுத்துவிட்டான். நெருப்பைத் தொட்ட மாதிரி எடுத்தான்.

"முட்டுது."

"என்ன முட்டுது?"

"உள்ள முட்டுது அண்ணாச்சி."

எல்லாவற்றையும் மறுபடி கழற்றினான். மறுபடி புள்ளிக்குப் புள்ளி வைத்தான். மறுபடி திருப்பினான். மறுபடி முட்டியது. சாயங்காலம் வரை இதே. மூன்று மணி நேரம் என்று சொன்னவன் மூன்று நாள் எடுத்தான், தம்பி. மூன்று நாள்! நான் மூன்று நாளும் போனேன். அவன் வேறு வண்டி எதையும் தொடவில்லை. வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பினான். பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பல்லை எண்ணுவான். கண்ணைக் கசக்குவான். மறுபடி எண்ணுவான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாடகம் என்றால் இப்படி ஒரு நாடகம் நான் பார்த்ததில்லை. வேர்வை வேறு.

இரண்டாம் நாள் என்னிடம் வந்து கேட்டான்.

"அண்ணாச்சி, நேத்து நான் சாப்பிடப் போன நேரம் இங்க யாரும் வந்தாங்களா?"

"யாரும் வரலையே" என்றேன்.

பொய்யில்லை. யாரும் வரவில்லை. நான் இருந்தேன். இருந்தவன் வேறு, வந்தவன் வேறு. அவன் கேட்டதற்குப் பதில் சொன்னேன். புள்ளி வைத்ததைச் சொல்லியிருக்கலாமே என்றால், சொல்லிவிட்டுப் புள்ளி வைப்பதில் என்ன பிரயோஜனம்? பஸ்ஸை எந்த இடத்தில் நிறுத்தப்போகிறேன் என்று முன்கூட்டியே கண்டக்டருக்குச் சொல்லி அனுப்புவேனா?

மூன்றாம் நாள் மண்ணெண்ணெயும் ஊசியும் வைத்துக்கொண்டு மேல் சக்கரத்தில் துருவைச் சுரண்டினான். ஒரு மணி நேரம் சுரண்டினான். அடியில் கம்பெனி போட்ட சின்னக் கோடு கிடைத்தது. அதை வைத்து மாட்டினான். கையால் இரண்டு சுற்று. நான்கு சுற்று. வெண்ணெய் மாதிரி போனது. அதற்குப் பிறகு எழுந்து நிற்காமல் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ரெண்டு பல்லு தள்ளி வச்சிருக்கேன்" என்றான். "என் கையால நானே ரெண்டு பல்லு தள்ளிக் குறி வச்சிருக்கேன். இருபத்தாறு வருசத்துல இப்படி வச்சதில்ல. கையால சுத்திப் பாக்காம சாவிய போட்டிருந்தா உங்க எஞ்சின் போயிருக்கும் சார்."

கவனித்தீர்களா? சார். அதுவரைக்கும் அண்ணாச்சி. அன்றையிலிருந்து சார்தான். நானும் சரி, மரியாதை வந்துவிட்டது என்று விட்டுவிட்டேன். மரியாதை எப்போது வரும்? மாட்டிக்கொண்டால் வரும்.

கூலி வேண்டாம் என்றான். நீட்டியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். வேலை பார்த்தவன் கூலி வேண்டாம் என்கிறான் என்றால் அதற்கு என்ன பெயர் சொல்வீர்கள்? பழைய சாமான் எல்லாவற்றையும் துடைத்து ஒரு பையில் போட்டுக் கொடுத்தான். அந்தப் பெல்ட்டை அன்று ராத்திரியே விளக்குக்கடியில் வைத்துப் பார்த்தேன். வெளிப்பக்கம் புதுசு மாதிரி இருக்கிறது. உள்பக்கம் இரண்டு மூன்று பல் அடியில் கீறியிருந்தது. ஒன்று பாதி பெயர்ந்தே போயிருந்தது. இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் தாங்காது என்று இங்கே பக்கத்துத் தெரு டிரைவர் ஒருத்தர் சொன்னார். சொல்லட்டும். குறடு வைத்துப் பெயர்த்தால் எந்தப் பல்லும் பெயரும். டிரைவரும் சந்தியாகுவும் ஒரே டீக்கடை.

வண்டி எப்படி ஓடுகிறதா? ஓடுகிறது. பதினோரு மாதம் ஆகிறது. ராஜபாளையம், திருச்செந்தூர், தென்காசி எல்லாம் போய்வந்துவிட்டோம். ஒரு சத்தம் கிடையாது. புள்ளிகளையும் பார்த்துவிட்டேன். பேட்டரியில் இருக்கிறது, ஆல்டர்னேட்டரில் இருக்கிறது, ரேடியேட்டர் மூடியில் இருக்கிறது. எதையும் மாற்றவில்லை. மாற்றத் தைரியம் வரவில்லை, அதனால் மாற்றவில்லை.

சொர்ணம் ஏதோ சொல்ல வருகிறாள். சொல்லு.

"சந்தியாகு கண்ணாஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தாரு தம்பி. அவரு வீட்டம்மா என்கிட்டச் சொல்லி அழுதா. கண்ணுல ஒரு கோளாறும் இல்லைன்னுட்டாங்களாம். கண்ணு நல்லா இருந்தா அப்ப புத்திதான் தடுமாறுதுன்னு அதுக்கு மேல கவலையாம். அதுலருந்து எந்த வண்டிக்கும் பெல்ட்டு மாத்துறதில்ல. அதனாலயே வர்ற வேலையில பாதி கைவிட்டுப் போகுதாம்."

கேட்டீர்களா? இதுவும் உங்களுக்குத் தெரியவேண்டியதுதான். வேலை தெரிந்தவன் வேலையை ஏன் விடுகிறான்? உண்மையைச் சொல்லிவிட்டேன். நான் யார் பிழைப்பையும் கெடுக்கிற ஆளில்லை. பிள்ளைகள் போகிற வண்டி, அதனால் சொல்கிறேன். முடிவு உங்கள் தாளாளர் கையில்.

என்ன தம்பி, காபியைக் குடிக்காமல் பேனாவை எடுக்கிறீர்கள்? மறுபடி கேட்கிறீர்களே. ஆமாம், மேல் சக்கரம். ஆமாம், அந்தத் தீற்றலைத் துடைத்தது நான்தான். வேறு யார் துடைப்பார்கள்? அங்கே வேறு ஆள் இல்லையே.

எழுத்தில் வேண்டுமா? யாருக்கு?

தாளாளருக்குக் காட்டவேண்டும் என்றால் சரி. இப்படி ஒரு கண்காணிப்பு இருக்கவேண்டும் என்று பள்ளிக்கூடத்து டிரைவர்களுக்கும் தெரியட்டும். ஆனால் நீங்கள் எழுதி நான் கையெழுத்துப் போடமாட்டேன். என் அறிக்கையை நானே எழுதுவேன். எனக்கு ஒரு நகலும் வேண்டும். தாளைக் கொடுங்கள்.

முடிந்தது. கையெழுத்து, தேதி, நேரம் எல்லாம் இருக்கிறது. வாசிக்கிறேன், கேளுங்கள். சொர்ணம், நீயும் கேள்.

"நான், கா. உலகநாதன், ஓய்வு பெற்ற செக்கிங் இன்ஸ்பெக்டர், கோவில்பட்டி. சென்ற ஆண்டு ஆடி மாதம் என் காருக்கு டைமிங் பெல்ட் மாற்றும் பணி நடந்தபோது, மெக்கானிக் சந்தியாகு உணவுக்குச் சென்றிருந்த வேளையில், பிற்பகல் ஒன்று இருபதுக்கு, மேல் பல்சக்கரத்தில் இருந்த வெள்ளைத் தீற்றலை நானே துணியால் துடைத்து அகற்றி, அதிலிருந்து ஏறத்தாழ ஒரு விரல் அகலம் தள்ளி, என்னுடைய அடையாளக் குறியை இட்டேன். இதை அன்றும் அதன் பிறகும் சந்தியாகுவிடம் நான் தெரிவிக்கவில்லை."

நன்றாக வந்திருக்கிறதா? சுருக்கமாக, தெளிவாக. ஒன்று இருபது. மேல் பல்சக்கரம். வெள்ளைத் தீற்றலை நானே துணியால்...

வெள்ளைத் தீற்றலை.

ஒன்றுமில்லை. கண்ணாடி மங்கலாக இருக்கிறது.

தம்பி, ஒன்று செய்யலாம். இந்தத் 'துடைத்து அகற்றி' மட்டும் வேண்டாம். வாக்கியம் நீளமாகப் போகிறது. அடையாளக் குறி இட்டேன் என்று மட்டும் இருந்தால் போதும், விஷயம் அதுதானே? படிக்கிறவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் எல்லாம் ஒரே மாதிரியா படிக்கிறார்கள்? இரண்டு சொல்தான். அடித்துவிட்டுப் பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். முறைப்படிதான்.

சொர்ணம், தாளை அவரிடம் ஏன் கொடுத்தாய்? என் கையிலிருந்து பிடுங்கி?

கேட்டீர்களா தம்பி, என்ன சொல்கிறாள் என்று? "கையெழுத்து போட்ட வாக்குமூலத்துல ஒரு எழுத்தைத் திருத்த விட்டிருக்கீங்களா? எத்தனை கண்டக்டர் இந்த வாசல்ல வந்து நின்னு கெஞ்சியிருப்பாங்க? ஒருத்தனுக்காவது விட்டீங்களா?" என்கிறாள்.

விட்டதில்லை.

இல்லை, விட்டதில்லை தம்பி. அதை மறுக்கவில்லை.

சரி, மடித்து வைத்துக்கொள்ளுங்கள். நகல் வேண்டாம். எனக்கு எதற்கு நகல்? அவளே சொல்கிறாள் பாருங்கள், பள்ளிக்கூடத்துக்கு அப்புறம் போகலாம், முதலில் பட்டறைக்குப் போங்கள் என்று. போங்கள். இந்நேரம் பட்டறையில்தான் இருப்பான்.

அவன் படிக்கிறபோது பக்கத்தில் இருங்கள். அவனுக்குக் கூட்டெழுத்து சரியாக வாசிக்க வராது. அந்த வரியை மட்டும் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். அவன் என்ன சொன்னான் என்று...

வேண்டாம் தம்பி. அதை என்னிடம் வந்து சொல்லவேண்டாம்.